ஒரு விளையாட்டுக்காக அழலாமா?

2025 நவம்பர் முதலாந் திகதி, சனிக்கிழமை இரவு நான் அழுதேன். கண் கலங்கியது என்று சொல்லித் தப்ப முடியாது. சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, மூக்குச் சிந்திச் சிந்தி அழுதேன். என் மகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். எங்கள் வீட்டில் செத்த வீடு இல்லை, ஒருவருக்கும் சுகவீனமும் இல்லை. ரொறன்ரோ நகரின் பேஸ்போல் அணி தோற்றுப்போயிருந்தது. அவ்வளவுதான்.

இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கின்றது. இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் உங்களில் பலர் எவற்றையெல்லாம் பறிகொடுத்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். 1995 ஒக்ரோபரில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்த சனத்துக்குள் நானும் அம்மாவும் தம்பியும் இருந்தோம். அங்கிருந்து வன்னிக்குப் போனோம். 1999 இல் நான் கலியாணம் முடித்துக் கனடா வந்தேன். 2009 இல் தம்பியை இழந்தோம். எப்படி என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தது. அன்று நான் அழவில்லை. அழுகை வரவில்லை என்பதே சரி. அடுத்த நாள் பஸ் எடுத்து வேலைக்குப் போனேன்.

கூடப்பிறந்தவனுக்கு வராத கண்ணீர், பதினாறு வருடம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு விளையாட்டு வீரன் ஒரு நொடி பிந்திப்போனதற்கு வருகிறதென்றால் அது என்ன நியாயம்? அன்றிரவு இந்தக் கேள்விதான் என்னைக் கூசவைத்தது.

எனக்கு பேஸ்போல் பழக்கியவர் ஒரு மூதாட்டி. நான் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். பின்னேரம் மூன்று மணியிலிருந்து இரவு பதினொரு மணி வரை வேலை. இரவுச் சாப்பாடு ஊட்டி, உடுப்பு மாற்றி, ஒவ்வொருவராகப் படுக்கையில் விடவேண்டும். அந்த அம்மா மட்டும் படுக்க மாட்டார். ஏழு மணி ஏழு நிமிடத்துக்கு ஆட்டம் தொடங்கும். (அது ஏன் ஏழு நிமிடம் என்று என்னிடம் கேட்காதீர்கள். ரொறன்ரோவில் அப்படித்தான்.) தொலைக்காட்சிக்கு முன்னால் சக்கர நாற்காலியை விட்டு, மடியில் ஒரு கொப்பியையும் பென்சிலையும் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒவ்வொரு சதுரம். அவர் என்ன செய்தார் என்பதைச் சின்னச் சின்னக் குறிகளால் எழுதிக்கொண்டு போவார். ஒருநாள் கை கூடுதலாக நடுங்கியது. “நான் சொல்கிறேன், நீ எழுது” என்று பென்சிலை என்னிடம் தந்தார். மற்றவர்களைப் படுக்கவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து எழுதத் தொடங்கினேன். அப்படித்தான் பிடித்தது இந்தப் பைத்தியம்.

எங்களுக்கு பேஸ்போல் அவ்வளவு அந்நியமானதல்ல. எல்லே விளையாடியவர்கள் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். தடியால் பந்தை அடிப்பது, அடித்துவிட்டு ஓடுவது, இடையில் ஆட்டமிழக்காமல் சுற்றி வருவது, எல்லாம் அதே பாங்குதான். பந்துதான் கல்லுப் போல இருக்கும். பதினெட்டு மீற்றர் தூரத்திலிருந்து மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் வரும். மைதானத்தில் நான்கு தளங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் 90 அடி. அடிப்பவர் நிற்கும் தளத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஹோம்’ என்று பெயர். வீடு. அங்கிருந்து புறப்பட்டு, மூன்று தளங்களையும் சுற்றி, திரும்ப வீட்டுக்கு வந்து சேர்ந்தால்தான் ஒரு ஓட்டம். மூன்றாந் தளம் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டால் ஒன்றும் இல்லை. அப்படி இடையில் நின்று போனவர்களின் தொகையையும் கணக்கில் எழுதுவார்கள். “இவர் வீட்டுக்கு வரவில்லை, எழுது” என்று அந்த அம்மா முதல் தடவை சொன்னபோது பென்சில் என் கையில் ஒரு கணம் நின்றது. அவருக்கு அது விளங்கியிருக்காது. நானும் சொல்லவில்லை.

கணக்கு எழுதப் பழகியதும் வேறு சில விடயங்களும் பிடித்துப்போயின. மைதானத்துப் பெரிய பலகையில் இரு அணிகளினதும் ஓட்டங்களுக்கும் அடிகளுக்கும் பக்கத்திலேயே பிழைகளின் எண்ணிக்கையையும் போடுவார்கள். ஊர் முழுக்கப் பார்க்க. கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டால் அந்தப் பிழை அவருடைய பெயரில் எழுதப்படும். ஆனால் அடுத்த பந்துக்கு அதே ஆள் அதே இடத்தில்தான் நிற்பார். இன்னொன்று, ‘ஸக்றிஃபைஸ்’ என்று ஒரு அடி இருக்கிறது. தியாகம் என்றே பெயர். தான் ஆட்டமிழப்பது தெரிந்தும், முன்னால் நிற்பவரை அடுத்த தளத்துக்கு நகர்த்துவதற்காகப் பந்தை மெதுவாகத் தட்டிவிடுவது. அதைச் செய்தவருடைய சராசரி குறையாது. இதற்கென்று கணக்கில் தனி இடமே ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் அம்மாமாருக்கு இப்படி ஒரு கணக்குக் கொப்பி இருந்திருந்தால் எத்தனை கொப்பிகள் முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அடிப்பவர் பத்துத் தடவை போனால் மூன்று தடவை சரியாக அடித்தாலே அவர் பெரிய ஆள். வருடத்துக்கு 162 ஆட்டங்கள். மார்ச் கடைசியில் தொடங்கினால் செப்ரெம்பர் கடைசி வரை அநேகமாக ஒவ்வொரு நாளும் ஆட்டம் இருக்கும். வேலைக்குப் போவது மாதிரித்தான். இன்று தோற்றால் நாளைக்கு உடுப்பைப் போட்டுக்கொண்டு திரும்ப வரவேண்டும். உதைபந்தாட்டத்தைப் போல வாரக்கணக்கில் இருந்து துக்கம் கொண்டாட நேரம் கிடையாது.

ரொறன்ரோவின் அணிக்கு புளூ ஜேய்ஸ் என்று பெயர். அது ஒரு நீலக் குருவி. 1977 ஏப்ரல் 7 ஆந் திகதி முதல் ஆட்டத்தை ஆடியபோது மைதானத்தில் பனி கொட்டியதாம். அந்த அம்மா அன்று கம்பளியால் மூடிக்கொண்டு அங்கே இருந்தவர். 1992 இலும் 1993 இலும் ‘வேர்ல்ட் சீரிஸ்’ எனப்படும் இறுதித் தொடரை அடுத்தடுத்து வென்றார்கள். 1993 இல் ஜோ காட்டர் கடைசியாக அடித்த அடியைப் பற்றி அந்த அம்மா, எங்கள் கிழவர்கள் ஊர்த் திருவிழாச் சொல்வதுபோலச் சொல்லுவார். அதற்குப் பிறகு வரட்சிதான். 2015 வரை இறுதிக்கட்டப் போட்டிகளுக்கே போகவில்லை. இருபத்தொரு வருடங்கள்! பிறகு போன போதெல்லாம் ஏமாற்றம். 2022 இல் ஓர் ஆட்டத்தில் 8க்கு 1 என்று முன்னணியில் நின்று, கடைசியில் 10க்கு 9 என்று சியாற்றில் அணியிடம் தோற்றார்கள். இப்படித் தோற்பதற்கும் ஒரு திறமை வேண்டும் என்று என் கணவர் பகிடி பண்ணினார். இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை.

2020 ஐயும் சொல்லவேண்டும். கொரோனாக் காலத்தில் எல்லை பூட்டப்பட்டதால், மற்ற அணிகள் வந்துபோக வழியில்லாமல், ரொறன்ரோ அணிக்குச் சொந்த மைதானத்தில் ஆட முடியாமற் போனது. அமெரிக்காவில் பஃபலோ என்ற நகரத்தில், வேறொருவருடைய மைதானத்தில், தங்கள் ‘வீட்டு’ ஆட்டங்களை ஆடினார்கள். அடுத்த வருடமும் முதலில் புளோரிடாவில், பிறகு திரும்பப் பஃபலோவில். 2021 ஜூலை 30 இல்தான் ரொறன்ரோவுக்குத் திரும்பினார்கள். அவர்களுடைய இடப்பெயர்வை எங்களுடையதோடு ஒப்பிட எனக்கு மனம் வராது. அவர்கள் நல்ல ஹொட்டேல்களில் இருந்தார்கள். ஆனாலும் திரும்பி வந்த அன்று சனம் எழுந்து நின்று கைதட்டியதைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த அம்மா அதைப் பார்க்கவில்லை. அதற்கு முந்திய குளிர்காலத்தில் காலமாகிவிட்டார். அவருடைய மகள் அந்தக் கொப்பியையும் ஒரு பெட்டி பென்சில்களையும் எனக்குத் தந்தார்.

இன்னுமொன்றையும் அவர் பார்க்காமற் போய்விட்டார். “இந்த மைதானத்தில் ஒரு பெண்ணை எங்கே நிற்க விடுகிறார்கள்?” என்று அடிக்கடி கேட்பார். 2025 ஓகஸ்ற் 9 ஆந் திகதி அற்லாண்டாவில் ஜென் பாவொல் என்ற பெண், பெரிய லீக் ஆட்டம் ஒன்றுக்கு நடுவராக நின்றார். அதன் நீண்ட வரலாற்றில் அவர்தான் முதற் பெண். கீழ்மட்ட லீக்குகளில் 2016 இலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களுக்கு நின்றுதான் அந்த இடத்துக்கு வந்திருக்கிறார். அடுத்த நாள் அடிப்பவருக்குப் பின்னால், எல்லோரும் ஏசுகிற அந்த இடத்திலேயே நின்றார். அன்று நான் கொப்பியின் ஓரத்தில் அவருடைய பெயரை எழுதிவைத்தேன்.

இனி 2025 இன் கதைக்கு வருகிறேன். முந்திய வருடம் எங்கள் அணி 74 ஆட்டங்களை வென்று, 88 இல் தோற்று, பிரிவிலே கடைசி இடத்தில் வந்தது. ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் என்ற மூத்த வீரரைப் பார்த்து எல்லோரும், ஆளின் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். அவருடைய சராசரி .220, அதாவது நூற்றுக்கு இருபத்திரண்டு. நானும் சொன்னேன், பொய் சொல்லக்கூடாது. அதே மனிதர் 2025 இல் .309 அடித்தார். அணி 94 ஆட்டங்களை வென்று பிரிவில் முதலிடம் பிடித்தது. முதலிடம் பிடித்தவர்களே 68 நாட்கள் தோற்றுத்தான் வீடு போயிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். நியூயோர்க்கை வென்றார்கள். ஒக்ரோபர் 20 இல் சியாற்றிலுடனான ஏழாவது ஆட்டத்தில், தோற்கப்போகிறோம் என்று நான் கோப்பை கழுவ எழும்பிய நேரம், ஸ்பிரிங்கர் ஒரே அடியில் மூன்று ஓட்டங்களைக் கொண்டுவந்தார். முப்பத்தாறு வயது ஆளுக்கு!

அப்படியே 32 வருடங்களுக்குப் பிறகு இறுதித் தொடர். எதிராளிகள் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ். பணத்தில் அவர்கள் மலை. எங்களுடையவர்களும் ஏழைகளல்ல. எங்கள் விளாடிமிர் குவெரேரோவுக்குப் பதினான்கு வருடத்துக்கு 500 மில்லியன் டொலர் ஒப்பந்தம். வயோதிபரைக் குளிக்க வார்க்கும் எங்களுக்கு மணித்தியாலக் கணக்கில்தான் சம்பளம். இதில் ஒரு நியாயமும் இல்லை. தெரிந்துகொண்டுதான் பார்க்கிறேன்.

நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவர்களுக்கு வெற்றி. மூன்றாவது ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டியது, பதினெட்டு இன்னிங்ஸ் போனது. வேலை முடிந்து வந்து பார்க்கத் தொடங்கியவள், விடியப்புறம் மூன்று மணியளவில் தோல்வியோடு போய்ப் படுத்தேன். ஐந்து ஆட்டங்கள் முடிந்தபோது எங்களுக்கு மூன்று வெற்றி. ஆறாவது போனது. ஏழாவதுதான் அந்தச் சனிக்கிழமை.

அன்று விடுமுறை கேட்டு வாங்கியிருந்தேன். மேசையில் கொப்பி, சீவிய மூன்று பென்சில்கள், ஒரு போத்தல் தேத்தண்ணீர். மூன்றாம் இன்னிங்ஸில் போ பிஷெற் அடித்த அடியில் மூன்று ஓட்டங்கள் வந்தன. ஒன்பதாம் இன்னிங்ஸில் 4க்கு 3 என்று முன்னணி. இன்னும் இரண்டே இரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்தால் போதும். அப்போது மிகுவெல் றோஹாஸ் என்பவர் வந்தார். தொலைதூரத்துக்கு அடிக்கிறவர் என்று எவரும் நினைக்காத ஆள். பந்தை அடித்து வேலிக்கு மேலால் அனுப்பிவிட்டார். சமநிலை.

எங்கள் முறை. மூன்று தளங்களிலும் ஆட்கள் நிற்கிறார்கள், ஒருவர்தான் ஆட்டமிழந்திருக்கிறார். யாராவது ஒருவர் வீடு வந்து சேர்ந்தால் எல்லாம் முடிந்தது. மூன்றாந் தளத்தில் நின்றவர் ஐசாயா கைனர்-ஃபலேஃபா. பந்து அடிபட்டது. அவர் ஓடினார். றோஹாஸ் தடுமாறிப் பந்தை எடுத்து வீட்டுத் தளத்துக்கு எறிந்தார். காலை நீட்டிச் சறுக்கிக்கொண்டு வந்தவருக்கும் தளத்துக்கும் இடையில் எவ்வளவு இருந்திருக்கும்? ஒரு சாண்? நடுவர் கையை உயர்த்திவிட்டார். படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஆட்டமிழப்புத்தான். இன்னும் கொஞ்சம் முன்னால் நின்றிருக்கலாமே என்று ரொறன்ரோ முழுக்க இன்றைக்கும் ஏசுகிறார்கள். எனக்கு ஏச மனம் வரவில்லை. ஏனென்றால் அடுத்துச் செய்ததும் அவர்தான். பதினோராம் இன்னிங்ஸில் வில் ஸ்மித் அடித்து அவர்களை 5க்கு 4 என்று முன்னால் கொண்டுபோன பிறகு, எங்கள் குவெரேரோ இரண்டாந் தளம் வரை போய்ச் சேர்ந்தார். அடுத்து வந்த கைனர்-ஃபலேஃபா, தன்னைக் கொடுத்து, பந்தை மெதுவாகத் தட்டி, குவெரேரோவை மூன்றாந் தளத்துக்கு நகர்த்தினார். தியாக அடி. நான் எழுதினேன்.

வீட்டுக்கு 90 அடி. அங்கேயே நின்றார் குவெரேரோ. அடுத்தவர் போனார். அதற்கடுத்தவர் அடித்ததில் மட்டையும் முறிந்து, ஒரே பந்தில் இரண்டு பேர் ஆட்டமிழந்து, எல்லாம் முடிந்தது. எதிரணிக்காரர்கள் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறார்கள். கொப்பியில் கடைசிச் சதுரத்தை நிரப்பவேண்டும். ‘வீட்டுக்கு வரவில்லை’ என்று குறி போடவேண்டும். பென்சிலை வைத்துவிட்டேன். அப்போதுதான் அழுகை வந்தது.

அன்றிரவு இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கும் நாள். நித்திரை வராத இரவு இன்னுமொரு மணித்தியாலம் நீண்டது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, அங்கே மாலை ஆறரை, வழமைபோல் அம்மாவுக்கு எடுத்தேன். அம்மா வட்டக்கச்சியில் இருக்கிறா. பக்கத்து வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. பெண்களின் கிரிக்கெற் உலகக் கிண்ண இறுதி ஆட்டம், இந்தியாவும் தென்னாபிரிக்காவும். (இந்தியப் பெண்கள் 52 ஓட்டங்களால் வென்று முதற் தடவையாகக் கிண்ணத்தை எடுத்தார்கள். மத்தியானம் கடைசிப் பகுதியை நானும் பார்த்தேன். தோற்ற அணியின் தலைவி லோறா வுல்வார்ட் 101 ஓட்டங்கள் எடுத்திருந்தார். எல்லோரும் துள்ளிக் குதிக்க, என் கண் அவரிலேயே நின்றது.)

நானும் அம்மாவும் தொலைபேசியில் அழுவதில்லை. 2009 க்குப் பிறகு அப்படி ஒரு பேசாத ஒப்பந்தம். அம்மா அழுதால் நான் தாங்கமாட்டேன் என்று அம்மாவும், நான் அழுதால் அம்மா தாங்கமாட்டா என்று நானும். தம்பியின் பெயரை எடுப்பதும் குறைவு. சாப்பாடு, மழை, மருந்து, காசு வந்ததா, இவைதான் எங்கள் கதை.

“என்ன பிள்ளை, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு? தடிமனோ?”

“இல்லையம்மா. ராத்திரி அழுதனான்.”

“ஏன்? ஆருக்கும் ஏதும்...?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. விளையாட்டிலை தோத்துப்போனம்.”

அம்மா சிரித்தா. வாய்விட்டுச் சிரித்தா. எனக்குக் கோபம் வந்தது. பிறகு சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்து “அம்மா, அம்மா” என்றேன்.

“அவனும் ஒருக்கா இப்பிடித்தான்” என்றா அம்மா. “எல்லேயிலை. வலய மட்டத்திலை தோத்துப்போட்டு வந்து ராவிரவா அழுதவன். நீ அப்ப கனடா போட்டாய். அவன் ஓடினவனாம், பந்தாலை எறிஞ்சு போட்டாங்களாம். இன்னும் ரெண்டு எட்டு எண்டு சொல்லிச் சொல்லி அழுதவன். நான் ஏசினனான், விளையாட்டுக்கு ஆரும் அழுவினமே எண்டு.”

இந்தக் கதை எனக்குத் தெரியாது. தம்பியைப் பற்றி எனக்குத் தெரியாத கதை ஒன்று இன்னும் மிச்சம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. எந்தத் தடியால் அடித்தவன், எந்தப் பள்ளிக்கூடத்தோடு போட்டி, அடுத்த நாள் என்ன செய்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னா. அடுத்த நாள் விடிய எழும்பி, கோடியில் புது மூங்கில் தடி சீவிக்கொண்டு இருந்தானாம். சீவும்போது கையில் வெட்டியதாம். அம்மாவுடைய குரல் ஒரு இடத்தில் உடைந்தது. என்னுடையதும் உடைந்தது. இரண்டு பேரும் தொலைபேசியை வைக்கவில்லை. முக்கால் மணித்தியாலம் கதைத்தோம்.

கடைசியில் “சாப்பிட்டனியோ?” என்று கேட்டா. இல்லை என்றேன். “முதல் சாப்பிடு” என்றா. பிறகு,

“உன்ர நீலக்குருவியள் இனி எப்ப விளையாடுங்கள்?”

“மார்ச் கடைசியிலை அம்மா.”

“அப்ப எனக்கும் சொல்லு.”

கொப்பியில் அந்தக் கடைசிச் சதுரத்தை அன்று பின்னேரம் வேலைக்குப் போக முதல் நிரப்பினேன்.